நிரலைப் பிறருக்கு அனுப்பும் முன்…

பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளே! பைதன் நிரல் ஓடவில்லை என்று வாட்ஸ்அப்பில் உதவி கேட்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் உதவுபவர் ஓட்டிப் பார்க்கலாம்.

• நிரலுக்கு முன்னும் பின்னும் ``` என மூன்று குறிகள் இடுங்கள். கணினி விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் இதே குறிதான்.

• ‘இஃப்’ வரியின் கீழ்வரும் வரிகளுக்கு 4 இடைவெளி விடுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் பைதன் நிரல் ஓடாது.

• பிழைச் செய்தியைக் கடைசி வரி வரை சேர்த்து அனுப்புங்கள். பிழை இன்னதென்று அங்கேதான் இருக்கும்.

உதவுபவரின் நேரத்தை மதியுங்கள். தெளிவான பதில் கிடைக்கும்.