95 செ.மீ. மழையைக் காதுக்குச் சொல்வது எப்படி?

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சக ஆசிரியர்களோடு சேர்ந்து தமிழில் அறிவியல் பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். தகவலில் பிழை இல்லை, ஒலியும் சுத்தம். ஆனால் பாதிப் பேர் நான்காம் நிமிடத்தைத் தாண்டுவதில்லையாம். வெள்ளம் பற்றிப் பேசிய பகுதியின் எழுத்துப் பிரதியையும் இணைத்திருந்தார். நோய் அதிலேயே தெரிகிறது.

ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: "2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ. மழை, 20.45 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அதி கனமழை என்ற இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறையைப் பல மடங்கு மிஞ்சியதாகும்."

அச்சில் இது பரவாயில்லை. படிப்பவர் தடுக்கினால் இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துக்கொள்வார். உங்கள் நேயரோ வண்டி ஓட்டுகிறார், இல்லையென்றால் அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிறார். ஒரே மூச்சில் ஆறு எண்களை நீட்டினால் ஒன்றுகூட அவர் கையில் நிற்காது. போதாததற்கு, தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அடைமொழிகளை முன்னால் அடுக்க அடுக்க, என்ன நடந்தது என்று தெரியாமலே நேயர் அத்தனையையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற சண்டையை ஓரமாக வையுங்கள். வாக்கியத்தை உடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அந்த ஆறில் நேயருக்கு வேண்டியது ஒரே ஒரு எண், 95. "காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையே இவ்வளவு இருக்காது." இங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு கணக்கைக் காட்டலாம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆகவே ஒரு சென்டிமீட்டர் மழைக்கு அந்த மாடியில் 930 லிட்டர் விழும். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி அநேகமாக நிரம்பிவிடும். இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அடுத்த மழைச் செய்தியை நேயர் தானாகவே தொட்டிக் கணக்கில் கேட்பார். ஆனால் 95 செ.மீ.க்கு வரும்போது தொட்டியை விட்டுவிடுங்கள். 88 தொட்டி என்றால் அதுவும் வெறும் எண்தான். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏழு என்று சொல்லுங்கள், அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சும். ஒரே வீட்டு மாடியில் ஏழு லாரித் தண்ணீர் என்றதும் தெரு என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் விவரிக்கத் தேவையே இருக்காது. எண் பெரிதாகும்போது அளவுகோலையும் மாற்றுங்கள்.

வானிலைத் துறை ஒரு நாள் என்பதைக் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை கணக்கிடுவது சுவையான விஷயம்தான். அதற்குத் தனியாக இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். போகிற போக்கில் செருகாதீர்கள்.

உடல்நலம் பற்றிப் பேசும்போது எண் இதைவிட ஆபத்தானது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது, அவ்வளவுதான். 'நூறு சதவீதம் கூடுதல்' என்பது மட்டும் காதில் விழுந்த பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13 ஆயிரம் கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். 'இரண்டு மடங்கு', 'பாதியாகக் குறைந்தது' என்று பிரதியில் எங்கே வந்தாலும், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். மழை வாய்ப்பு 60 சதவீதம் என்பதும் இப்படித்தான். "இதே மாதிரி பத்து நாள் வந்தால் ஆறு நாள் மழை பெய்யும், நாலு நாள் பெய்யாது" என்று சொன்னால், பெய்யாத நாளில் யாரும் வானிலை மையத்தைத் திட்ட மாட்டார்கள். சரி, குறைவாகத் திட்டுவார்கள்.

விஞ்ஞானிகளைப் பேட்டி எடுக்கும்போது கேள்விப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பாதீர்கள். அனுப்பினால் கட்டுரை எழுதிவைத்து வாசிப்பார்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். "இந்தத் துறையின் முக்கியத்துவம் என்ன?" என்று ஆரம்பித்தால் விழா உரைதான் கிடைக்கும். "இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். அளந்த விதம், முதலில் வந்த சந்தேகம், இன்னும் பிடிபடாத இடம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. கலைச்சொல் வந்தால் தலையாட்டிக் கடந்துபோகாமல் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். நீங்கள் இயற்பியல் ஆசிரியை என்பதால் உங்களுக்கு அது புரிந்துவிடும், அதுதான் சிக்கல். ஒலிபரப்புக்கு முன் எண்களையும் பெயர்களையும் அவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடையைத் திருத்தும் உரிமையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

தாத்தாவிடம் பேரன் கேள்வி கேட்க, தாத்தா விளக்கோ விளக்கென்று விளக்கும் நாடகம் வேண்டவே வேண்டாம். எந்தப் பேரனும் "அப்படியானால் ஒளிச்சேர்க்கை என்பது என்ன தாத்தா?" என்று கேட்பதில்லை.

அறிவியலைக் காதுவழியே கொண்டுபோவதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1960-களில் திருச்சி வானொலி நிலையம், ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுபோனது. அந்த ரகத்துக்கு ரேடியோவின் பெயரே ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது பரவியது. வேளாண் ஒலிபரப்பில் நல்ல நிகழ்ச்சி எதுவானாலும் பருவத்தோடு ஒட்டி நடக்கும். கேட்பவர் இந்த வாரம் வயலில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சாக இருக்கும். 1956-ல் யுனெஸ்கோ உதவியோடு புனே வட்டாரத்தில் நடந்த கிராம வானொலி மன்றங்களில், ஊரார் கூடிக் கேட்டு, விவாதித்து, கேள்விகளை நிலையத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். உங்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. நேயர்களின் குரல் செய்திகளை வாங்கி, அவர்கள் குரலிலேயே கேள்வியை ஒலிக்கவிட்டுப் பதில் சொல்லுங்கள். நான்காம் நிமிடத்தில் உங்கள் குரலுக்குப் பதில் இன்னொரு குரல் வந்தாலே பாதிப் பேர் தங்கிவிடுவார்கள்.

ஒலிப்பதிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணி அலமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறை, காலி வகுப்பறையைவிட எவ்வளவோ மேல். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பேசி முடித்ததும் அரை நிமிடம் அறையின் அமைதியையும் பதிவுசெய்யுங்கள், வெட்டி ஒட்டும் இடங்களில் உதவும். பேச்சுக்கு அடியில் இசை வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஆயிரம் சொல் தாராளம். உங்கள் பிரதியில் அதே பத்து நிமிடத்துக்கு ஆயிரத்து அறுநூறு இருந்தது.

தப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். ஆனால் ஏற்கெனவே பதிவிறக்கியவர்களின் போனில் பழையதுதான் இருக்கும். அதனால் அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே, வணக்கம் சொன்ன கையோடு, சரியான தகவலைச் சொல்லிவிடுங்கள். தவறான எண்ணைத் திரும்பச் சொல்ல வேண்டாம். இரண்டையும் சொன்னால் சிலருக்குத் தவறானதுதான் நினைவில் நிற்கும்.