தனக்குத் தெரிந்தால் போதுமா?

அன்புள்ள கயல்விழி,

தொலைந்த செல்போனையே கண்டுபிடிக்கிறார்களே, அவ்வளவு பெரிய விமானம் எப்படிக் காணாமல் போகும் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி.

மதுரையில் அவனியாபுரம் பக்கம் தாழ இறங்கும் விமானத்தை ராடார் எளிதில் பார்த்துவிடும். ஆனால் ராடார் அலை நேராகப் போவது; பூமியோ உருண்டை. நம் சமவெளியில் விலகிப் போகப் போக யானைமலை அடிவானத்துக்குக் கீழே இறங்குவதுபோல, 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானமும் சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் ராடாருக்கு மறைந்துவிடும். சென்னையிலிருந்து வங்கக் கடல் தாண்டிப் போர்ட் பிளேருக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 அந்தக் கடல்மேல்தான் 29 பேரோடு மறைந்தது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டது 2024 ஜனவரியில். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரம், 3,400 மீட்டர் ஆழம்.

ஜி.பி.எஸ். இருந்திருக்குமே என்பாய். பலரும் குழம்பும் இடம் இதுதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பேசும், விமானம் கேட்கும், அவ்வளவே. தான் இருக்கும் இடம் விமானத்துக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அதைக் கரைக்குச் சொல்ல இன்னொரு செயற்கைக்கோள் வேண்டும். இன்று வங்கக் கடலைக் கடக்கும் பெரிய பயணிகள் விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியே சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தாமாகவே அனுப்புகின்றன. உயரம் மாற்ற அனுமதி வேண்டுமென்றால் விமானி தட்டச்சு செய்து கேட்கிறார். பதிலும் எழுத்திலேயே வருகிறது. முன்பு இரைச்சலுக்கு நடுவே வானொலியில் கத்த வேண்டியிருந்தது.

2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்.எச்.370 இடத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியே ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்ற கேள்வி போனது. விமானத்தின் கருவி பதில் தந்தது. பதில் வர எடுத்த நேரத்திலிருந்து, செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டார்கள். தூரம் மட்டும் தெரிந்தால் கிடைப்பது புள்ளியல்ல, வட்டம். அந்த வட்டத்தின் ஒரு வில் நெடுகத் தேடியும் விமானம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகே, கடல்மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இடம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது தெரிய வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. 2019 முதல், விமானங்கள் ஒலிபரப்பும் இடக்குறிப்பை 66 இரிடியம் செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்தே பிடிக்கின்றன. துருவமும் நடுக்கடலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

இந்தச் சர்வதேச விதி ராணுவ விமானங்களைக் கட்டுப்படுத்தாது. போர்ப் பணியில் இருப்பிடத்தை மறைப்பது புரிகிறது. ஆனால் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கமான பயணத்துக்கும் அந்த மறைவு எதற்கு? அந்த 29 பேரின் வீடுகள் ஏழரை ஆண்டு காத்திருந்ததை நினைத்தால் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

அன்புடன்,
சித்தப்பா