நீர்மானி இல்லாத வீட்டில் கசிவைக் காணும் உபாயங்கள்

பருத்திப்பட்டில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் எங்களைப் போன்றோர் வீட்டில் நீர்மானி கிடையாது; ஆகவே, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியின் முள் நகர்கிறதா என்று பார்க்கும் சுலபமான வழி எங்களுக்கு இல்லாமற்போக, வீட்டிலுள்ள பொருள்களையே மானியாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, லாரித் தண்ணீருக்காகத் தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்ற 2019-ஆம் வருஷத்துக் கோடைக்குப் பிறகு, ஓசையின்றி வீணாகும் ஜலத்தைப் பற்றிய விசாரம் என்னை விட்டு நீங்கவில்லை. நொடிக்கு ஒரு சொட்டென்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. அது நாலு லிட்டருக்கும் மேல்.

முதல் சாட்சி மின்வாரிய அட்டை. வீட்டில் ஆளும் உபயோகமும் கூடாதிருக்கையில் யூனிட் மட்டும் ஏறினால், மோட்டார் அடிக்கடி ஓடுகிறதென்று சந்தேகிக்கலாம். சந்தேகத்தை நிவர்த்திக்க, இரவில் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு கிழித்து, தொட்டியடியிலுள்ள கேட் வால்வை ஒரு நாள் திறந்தும் மறுநாள் மூடியும் வைத்து விடியற்காலையில் பார்க்க வேண்டும். மூடியிருந்தும் மட்டம் இறங்கினால் குறை தொட்டியில். திறந்தபோது மட்டும் இறங்கினால் குழாய்களில். சம்ப்பிலும் இவ்விதமே கோடிடலாம்: இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் 30 லிட்டருக்குச் சமானம்.

கசியும் இடத்தைக் காட்டித் தரும் சூட்சுமத்தை எனக்குக் கற்பித்தவர், 1961-இல் ஆவடியில் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். பேரிங் பழுதைக் காதால் கண்டுபிடித்துப் பழகிய அவர், ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறு முனையில் கட்டை விரலை வைத்து, விரலின் மேல் காதைப் பொருத்திக் காட்டினார். "பகல்ல கேக்காதீங்க தம்பி, ஊரடங்கட்டும்" என்றார். நள்ளிரவில், மோட்டாரும் மின்விசிறியும் நின்ற பின்பு கேட்டால், அழுத்தத்தோடு நீர் வெளியேறும் இடத்தை நெருங்க நெருங்க, பாம்பு சீறுவதைப் போன்ற ஒலி வலுத்துக்கொண்டே வரும். குடிநீர் வாரியங்களின் ஊழியர்கள் உலகெங்கும் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறைதான் இது. பழைய ஜி.ஐ. குழாயில் நாதம் தூரம் செல்லும், பி.வி.சி. குழாயோ அதைச் சில அடிகளிலேயே விழுங்கிவிடும். ஆதலால் பிளாஸ்டிக் குழாயுள்ள வீட்டில் பித்தளைக் குழாய்த் தலைகளிலும் வால்வுகளிலும் கம்பியை வைத்து, ஒலி எங்கே அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே உசிதம்.

கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும். அதற்குக் காது பயன்படாது. தொட்டியில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரைமணி நேரம் எவரும் தண்ணீர் இழுக்காதிருந்தால், கோப்பையில் நீலம் தெரிகிறதா இல்லையா என்பது பிரத்தியட்சமாகிவிடும். மஞ்சள்தூள் வேண்டாம்; அது கரையாமல் அடியில் தங்கிவிடும்.

சுவரின் ஈரந்தான் மிகவும் ஏமாற்றக்கூடியது. ஏரிக்கருகில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறி, அடிச்சுவர் தானே நனையும். அப்போது குழாயைக் குறை சொல்ல முடியாது. கத்திரி வெயிலிலும் உலராத ஈரமே குழாயின் மீது நியாயமான சந்தேகத்தை எழுப்பும். ஈரமான இடத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது; வெளிப்புறம் மட்டும் வியர்த்திருந்தால் அறையின் காற்றிலுள்ள ஈரமே காரணம்.

கூரையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று கருதலாகாது. கான்கிரீட் தளத்தின் சரிவிலும், ஒயர் செல்லும் பைப்பினுள்ளும் நீர் ஊர்ந்து சென்று, மின்விசிறிக் கொக்கியில் வந்து சொட்டுவதுண்டு. அப்படிக் கண்டால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பிறகு மாடிக் குளியலறைத் தரையில் நீலம் கலந்த நீரைத் தேக்கி, கீழே நிறம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்த பின்பே, கொத்தனாரை ஓட்டின் மேல் உளியை வைக்க விட வேண்டும்.