ஒலி வரும் திசை

பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கங்களில் விசைத்தறிக் கொட்டகையொன்றனுள் முதன்முறை புகுவார் எவரும் செவியைப் பொத்திக்கொள்வர். அங்கேயே பழகிய தறியாளரோ, தம் முதுகிற்குப் பின்னே ஓடும் தறியொன்று நின்றுவிடின், உடனே அப்பக்கம் திரும்புவர். கண் காணாததனைச் செவி எவ்வாறு அறிந்தது? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வினா நம் மாணவரிடையே வேறொரு வடிவில் எழுந்துள்ளது. கணினியில் ஆடப்பெறும் துப்பாக்கிப் போர் விளையாட்டுகளில், சுவருக்கு அப்பால் வரும் எதிரியின் காலடி ஓசை வலத்தோ இடத்தோ, முன்னோ பின்னோ என்று முந்தி அறிபவனே பெரும்பாலும் வெல்கின்றான். கணினி விளையாட்டுகள் 2023-ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிற் பதக்கத்திற்குரியனவாக இடம்பெற்றன. ஆதலின் இதனை வீண்பொழுது என்று தள்ளிவிடுதற்கில்லை. விலைமிக்க ஹெட்போன் வாங்கியும் திசை விளங்கவில்லையே என்று வருந்துவார் பலர். அக்குறை பெரும்பாலும் கருவியினதன்று. செவியின் இயல்பை அறியாமையால் வருவது என்பதே நாம் கூறப் புகுந்தது.

1. இரு செவிகளின் கணக்கு

நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். வலப்புறத்து எழுந்த ஓசை வலச்செவியை முன்னும், தலையைச் சுற்றிச் சென்று இடச்செவியைப் பின்னும் அடைகின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள இடையீடு, மிகுந்தவிடத்தும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. அன்றியும், தலை இடையே நின்று மறைத்தலால், அப்பாற் செவியில் ஓசை மெலிந்து கேட்கும். தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளுக்குக் கால வேற்றுமையும், உயர்ந்த சுருதியுள்ளவற்றிற்கு வலிமை வேற்றுமையும் திசை காட்டும் என்பதை ராலே பிரபு 1907-இல் விளக்கினார்.

இதனைச் சோதித்தறிதல் எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர்க் குழாயின் இரு முனைகளையும் இரு செவிகளிற் பொருத்திக்கொள்க. குழாயின் நடுவிடம் முதுகின் பின்னே அமைய, நண்பர் ஒருவர் அங்கே பென்சிலால் மெல்லத் தட்டுக. நடுவினின்று ஒரு சென்டிமீட்டர் விலகித் தட்டினும் ஓசை ஒருபுறம் சாய்ந்து கேட்கும். அப்போது இரு வழிகளின் நீள வேற்றுமை 2 சென்டிமீட்டர். கால வேற்றுமை நொடியின் 17,000-இல் ஒரு பங்களவே. இத்துணை நுண்ணிய கணக்கை நம் மூளை நாம் அறியாமலே செய்கின்றது.

2. செவிமடலின் தொழில்

இனி, நேர் முன்னே எழும் ஓசையும் நேர் பின்னே எழும் ஓசையும் இரு செவிகளையும் ஒரே காலத்தில், ஒரே வலிமையுடன் அடைகின்றனவன்றோ? அவற்றைப் பிரித்தறிதற்குத் துணையாவது செவிமடல். அதன் மேடுபள்ளங்கள், ஒலி வரும் திசைக்கேற்ப, உயர்ந்த சுருதிகளிற் சிலவற்றை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் உட்செலுத்துகின்றன. மேல் கீழ் அறிதற்கும் இதுவே பெருந்துணை. கூகையின் செவித்துளைகளோ ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்துள்ளன; அதனால் அது காரிருளிலும் எலியின் சலசலப்பைக் கொண்டே அதனைப் பற்றுகின்றது. ஐயம் எழுந்தவிடத்து நாம் தலையைச் சிறிது திருப்பி வேற்றுமை காண்கின்றோம்.

3. கணினி செய்வது யாது?

செவி செய்யும் இம்மாற்றங்களை முன்னரே அளந்துவைத்து, ஹெட்போன் வழியாக மீண்டும் உண்டாக்குவதே கணினியின் தொழில். இதனை எச்.ஆர்.டி.எஃப். என்ப. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1994-இல், செவிகளில் ஒலிவாங்கி பொருத்திய பொம்மைத் தலையொன்றைச் சூழ 710 இடங்களிலிருந்து ஒலியெழுப்பி இவ்வளவுகளை எடுத்தனர். கவுன்டர் ஸ்டிரைக் விளையாட்டு 2016-இலும், வேலரன்ட் 2021-இலும் இம்முறையைத் தம்முள் ஏற்றன.

பிறர் செவிக்கு அளந்தது நமக்கு முற்றும் பொருந்தாது. முன்பின் மயக்கம் சில நாள் இருக்கும். ஆயினும் சோர்தல் வேண்டா. செவிமடலின் வடிவைச் செயற்கையாக மாற்றி வாழ்ந்தவரும் சில வாரங்களில் மீண்டும் திசையறியப் பழகினர் என்று 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று.

4. அமைக்கும் முறை

முதலாவது, திசைமாற்றம் ஒருமுறையே நிகழ்தல் வேண்டும். விளையாட்டினுள்ளே எச்.ஆர்.டி.எஃப். இருப்பின் அதனை மட்டும் இயக்குக. விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ், ஹெட்போனின் 7.1 என்பனவற்றை நிறுத்திக் கணினியை இரு வழி ஸ்டீரியோவில் வைக்க. ஒருமுறை சாயம் ஏற்றிய துணியை வேறு சாயத்தில் மறுபடியும் முக்கினால் நிறம் கெடும் என்பது நம்மூர்ச் சிறுவரும் அறிந்ததே, இதுவும் அன்னதே. விளையாட்டினுள்ளே அம்முறை இல்லையாயின், வெளியிலுள்ளவற்றுள் ஒன்றை மட்டும் கொள்க.

இரண்டாவது, வலச்செவிக்குரியது வலத்தும் இடச்செவிக்குரியது இடத்தும் கேட்கின்றதா என்று சோதிக்க. விண்டோஸில் மோனோ இயங்கின் இரு செவிக்கும் ஒரே ஒலி சென்று திசை அடியோடு அழியும். இரு பக்க அளவும் ஒத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கம்பியுள்ள ஹெட்போனே நன்று. புளூடூத் வழியில் ஒலி தாமதமாக வரும். அதிலேயே பேசவும் தொடங்கினால், பல கருவிகளில் ஒலி தரம் தாழ்ந்து ஒருவழியாகிவிடும்.

நான்காவது, மெல்லிய ஓசையை உயர்த்தி வலியதனோடு சமப்படுத்தும் அமைப்பை நிறுத்துக. காலடி உரக்கக் கேட்கும் என்பது மெய்யே. ஆயின் அண்மை சேய்மை வேற்றுமை மறையும்.

இவை முடிந்தபின், ஆளில்லா ஆட்டக்களத்தில் நண்பரை நடக்கச் செய்து, கண்ணை மூடித் திசை கூறி, சரியும் தவறும் குறித்துவருக. ஒரு வாரக் குறிப்பு, கேள்விப்பட்ட நூறு யோசனைகளினும் பயன்படும்.

5. செவியைக் காத்தல்

இவையனைத்தினும் முதன்மையானதொன்று உண்டு. பேரிரைச்சல் செவியின் எல்லாப் பகுதியையும் ஒருங்கே கெடுப்பதன்று. நொடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்சுருதிகளையே முதலில் அரிக்கின்றது. முன்பின்னையும் மேல்கீழையும் செவிமடல் உணர்த்துவதும் உயர்சுருதிகளைக் கொண்டன்றோ? எனவே திசையறியும் ஆற்றலும் இரைச்சலுக்கு இரையாகக்கூடும். நோவு இல்லாமையால் இழந்தவர் அதனை அறிவதுமில்லை, இழந்தது மீள்வதுமில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு, வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் உயருந்தோறும் காலம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. கையெட்டும் தொலைவில் நிற்பவரோடு உரத்துப் பேச வேண்டியிருப்பின், அவ்விடத்து இரைச்சல் ஏறக்குறைய 85 டெசிபலைக் கடந்தது என்று கொள்க.

இதனை நம் பகுதியார் மிகவும் எண்ணுதல் வேண்டும். விடுமுறையில் தந்தையாரோடு தறியோட்டுவாரும், பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வகுப்பிற்கு வருவாரும் நம்முள் உளர். பகலிற் கொட்டகையின் இரைச்சலும், இரவில் ஹெட்போனின் வெடியோசையும் ஒரே செவியின் கணக்கில் ஏறுகின்றன. தறி ஓடும் வீட்டில் இருந்து ஆடுவார், இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதும் வழக்கம். அதனினும் செவியை நன்கு மூடும் ஹெட்போனைக் கொண்டு ஒலியைக் குறைத்தலே தக்கது. தறியிடத்துச் செவியடைப்பான் அணிதலை அச்சத்தின் அடையாளமாக எண்ணற்க.

ஹெட்போன் பழுதுற்றால் கடையில் வேறொன்று கிடைக்கும். செவிக்கு அத்தகைய கடை இல்லை. ஆதலின், நண்பர்காள், ஆட்டத்திற்கு முன் ஒலியளவை ஒருமுறை பாருங்கள். வீட்டில் தறியோட்டும் தந்தையார்க்கும் தமையனார்க்கும் இக்கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். நாம் கற்ற பௌதிகம் நம் வீட்டார்க்கும் பயன்படுமாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.