இலை கரைந்தாலும் வேர் வாழும்

நுழையுமுன்

மண்ணில் வளரும் செடிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். நீருக்குள் வேரூன்றி, நீருக்குள்ளேயே இலைவிடும் செடிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றை வீட்டு மீன்தொட்டியில் வளர்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

செடியின் பிறப்பிடம்

‘கிரிப்டோகோரைன் வென்டி’ இலங்கைக்கே உரிய நீர்த்தாவரம். 1958ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டுத் தாவரவியல் அறிஞர் டி விட் இதற்குப் பெயரிட்டார். இப்பேரினத்தைச் சேர்ந்த வேறு சில செடிகள் தென்னிந்திய ஆறுகளிலும் வளர்கின்றன.

சேம்பு, சேனை ஆகியவற்றின் குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். இதன் பூங்கதிர் பாளையின் குழலுக்குள் மறைந்திருக்கும். ஆதலால், ‘மறைந்த தண்டம்’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் இப்பேரினம் பெயர் பெற்றது. மரநிழல் படிந்த ஓடைகளில், நீர் பெருகும்போது மூழ்கியும், நீர் வற்றும்போது ஈரமண்ணில் வெளியே நின்றும் வாழும் ஆற்றல் இதற்கு உண்டு.

நடும் முறை

இச்செடி தனக்கு வேண்டிய சத்துகளைப் பெரும்பாலும் வேர் வழியாகவே பெறுகிறது. எனவே, தொட்டியின் அடியில் நன்கு கழுவிய பொடிக்கற்களை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்ப வேண்டும். வேர்கள் கற்களுக்குள் மறைய வேண்டும். இலைகள் கிளம்பும் குருத்துப்பகுதி வெளியே தெரிய வேண்டும். குருத்துப் புதைந்தால் செடி அழுகிவிடும்.

குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கலாம். அந்நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு நீங்கும். பின்னர் அதைத் தொட்டியில் ஊற்றலாம். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும்.

நிழலில் வாழ்ந்து பழகிய செடி ஆதலால் இதற்குக் கடும் வெயில் வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மிதமான விளக்கொளி போதும். வெளிச்சம் மிகுந்தால் இலைகளின்மேல் பாசி படியும். 22 முதல் 28 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் இதற்கு ஏற்றது. தில்லி, லக்னோ போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் தொட்டிநீர் மிகவும் குளிர்ந்துவிடும். அப்போது நீர்சூடேற்றி தேவைப்படும். மின்கருவிகளைப் பெரியவர்களே பொருத்த வேண்டும்.

இலைகள் கரைவது ஏன்?

புதிதாக நட்ட சில நாள்களில் இலைகள் கண்ணாடிபோல் வெளிறி, குழைந்து, நீரில் கரையத் தொடங்கலாம். செடி இறந்துவிட்டது என்று எண்ணிப் பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது உயிருள்ள செடியாகவே இருக்கும்.

விற்பனைக்கான செடிகளைப் பண்ணைகளில் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்ப்பர். காற்றில் விரிந்த இலைகள் நீருக்குள் வாழ ஏற்றவை அல்ல. மேலும், நீரின் தன்மையும் வெளிச்சமும் திடீரென மாறினாலும் இச்செடி இலைகளை இழக்கும். ஆனால், குருத்தும் வேரும் உறுதியாக இருந்தால் சில வாரங்களில் புதிய நீருக்கேற்ற புதிய இலைகள் தோன்றும்.

அதுவரை செய்ய வேண்டியவை மூன்று: அழுகிய இலைகளை மட்டும் அகற்றுதல், செடியை இடம் மாற்றாதிருத்தல், பொறுமையோடு காத்திருத்தல். வேர் வளர்கிறதா என்று அடிக்கடி பிடுங்கிப் பார்த்தால், பிழைக்கவிருந்த செடியும் பிழைக்காது. நன்கு வேரூன்றிய செடி, கற்களுக்கடியில் ஓடுதண்டுகளை அனுப்பிக் கன்றுகளை ஈனும்.

செடியும் மீனும்

ஒளியுள்ளபோது செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு உயிர்வளியை வெளியிடுகிறது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் சத்துகளையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. இருளில் செடியும் மீனைப்போல் உயிர்வளியையே சுவாசிக்கிறது. ஆதலால், சிறு தொட்டியில் மீன்களை நெருக்கமாக விடலாகாது.

மிகுந்துவிட்ட செடிகளை ஏரியிலோ ஆற்றிலோ எறிதல் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றை மூடிக் கிடப்பதை நாம் காண்கிறோம். வேண்டாத செடியை உலர்த்திக் குப்பையில் இடலாம். விரும்பும் நண்பர்க்குத் தரலாம்.

சொல்லும் பொருளும்

பாளை – பூங்கதிரை மூடியிருக்கும் மடல்
குருத்து – இளம் இலை தோன்றும் பகுதி
உயிர்வளி – ஆக்சிஜன்
ஈனுதல் – தோற்றுவித்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வேரூன்றி, விளக்கொளி, வாயகன்ற.
2. குருத்துப்பகுதியைப் புதைக்கலாகாது, ஏன்?
3. இலைகள் கரைவதற்கான காரணங்கள் இரண்டனை எழுதுக.
4. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரின் ஊர்க்குளத்தில் வளர்ந்த நீர்ச்செடிகளின் தமிழ்ப்பெயர்களைக் கேட்டு எழுதுக.
5. சிந்தித்து எழுதுக: ஊர்விட்டு ஊர் சென்று வாழும் ஒரு குடும்பத்திற்கும் இச்செடிக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை ஐந்து வரிகளில் எழுதுக.