கோல் அடித்தது யார்?

பெரணமல்லூர் ஒன்றியத்தில் உள்ள எங்கள் பள்ளியின் மாணவியர் கால்பந்து அணி, சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டியில் ஓர் ஆட்டத்தை 1–0 என வென்றது. ஆண்டு விழா மலருக்காக அதைப் பற்றி நான்கு வரி எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அந்த ஒரு கோலை அடித்தது யார்? அணியில் ஒரே பெயரில் இருவர். தலைப்பெழுத்து மட்டும்தான் வேறு. கோல் முன்னால் கூட்டமாக நின்றபோது உள்ளே போன பந்து அது. "நான்தான்" என்றாள் ஒருத்தி. மற்றவள் பேசாமல் தலை குனிந்தாள். முடிவுத்தாளில் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. "எங்கள் அணி வென்றது" என்று எழுதி முடித்தேன். பேசாமல் நின்றவளின் முகம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம் நடந்தது. மோகன் பகான் அணி, ஆங்கிலேயப் படையின் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட் அணியை 2–1 என வென்றது. பின்தங்கியிருந்த அணியைச் சமநிலைக்குக் கொண்டு வந்தவர் சிப்தாஸ் பாதுரி. வெற்றி கோலை அடித்தவர் அபிலாஷ் கோஷ். மைதானத்தை நெருங்க முடியாத கூட்டத்துக்கு, கோல் எண்ணிக்கையைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள் என்றும் சொல்வார்கள். நூறாண்டு கடந்த ஆட்டத்தின் கோல்கள் யாருடையவை என்று நமக்குத் தெரிகிறது. சென்ற ஆண்டு நம் கண்முன் விழுந்த கோல் யாருடையது என்று தெரியவில்லை. அங்கே எழுதி வைத்தார்கள். இங்கே யாரும் எழுதவில்லை.

பெரிய ஆட்டங்களுக்குச் செய்தியாளர்கள் தாமாக வருவார்கள். உள்ளூர் ஆட்டங்களைக் காப்பாற்றுபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. 1994-இல் ஆர்வலர்கள் சிலர் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ்.எஸ்.எஃப். என்ற அமைப்பு, பல நாடுகளின் உள்நாட்டுக் கால்பந்து முடிவுகளைத் தன்னார்வலர்களைக் கொண்டே தொகுத்து வருகிறது. இந்தியக் கால்பந்துச் செய்திகளையும் புள்ளிவிவரங்களையும் ஜெர்மனியில் இருந்தபடி பல ஆண்டுகள் திரட்டியவர் அருணவா சவுத்ரி. நம் குறுவட்டப் போட்டிக்கு அப்படி ஒருவர் வேண்டுமென்றால், அவர் நம் வகுப்பறையில்தான் இருக்கிறார். இந்த எண்ணத்தில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு நான் செய்து பார்த்த நான்கு பாடவேளைச் செயல்பாடு இது.

முதல் பாடவேளை: எண் சொல்லாதவை

கரும்பலகையில் மூன்று வரிகள் எழுதலாம்.

1911, கொல்கத்தா: மோகன் பகான் 2 – கிழக்கு யார்க்ஷயர் 1.
2018, கட்டக், தேசிய மகளிர் கால்பந்து இறுதி: தமிழ்நாடு 2 – மணிப்பூர் 1.
2023, அமிர்தசரஸ், அதே போட்டியின் இறுதி: தமிழ்நாடு 2 – ஹரியாணா 1.

மூன்றும் 2–1. மூன்றும் ஒரே மாதிரியான ஆட்டங்களா என்று கேளுங்கள். இந்த வரிகளில் இல்லாத, ஆனால் தெரிந்துகொள்ள விரும்பும் செய்திகளைக் குழந்தைகள் கேள்விகளாக எழுதட்டும். முதல் கோல் யாருடையது? கடைசி கோல் எத்தனையாவது நிமிடத்தில்? தோற்ற அணி எப்படி ஆடியது? யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு வினாக்களும் தாமாகவே வந்து சேரும். நம் மாநில மகளிர் அணி இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றது என்ற செய்தியையே அன்றுதான் எங்கள் மாணவியரில் பலர் அறிந்தார்கள்.

இரண்டாம் பாடவேளை: குறிப்பெடுத்தல்

1950 மார்ச் 18 அன்று இங்கிலாந்தில் ஸ்விண்டன் டவுன் ஆடிய ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், பார்வையாளராக வந்திருந்த விமானப்படை அதிகாரி சார்லஸ் ரீப் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். பிறகு பல நூறு ஆட்டங்களைத் தாமே வகுத்த குறியீடுகளால் பதிவு செய்தார். நமக்கு ஐந்து குறியீடுகள் போதும்: கோல் – கோ, கார்னர் – கா, மஞ்சள் அட்டை – ம, சிவப்பு அட்டை – சி, மாற்று ஆட்டக்காரர் – மா. ஒவ்வொன்றின் அருகிலும் நிமிடமும் சட்டை எண்ணும்.

நிமிடத்தைக் குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டம் தொடங்கி 23 நிமிடம் 10 நொடியில் விழும் கோல், 24ஆம் நிமிட கோல். முதல் நொடியிலிருந்தே முதல் நிமிடம் தொடங்கிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு 1800-களைக் குறிப்பது ஏன் என்ற பழைய சந்தேகமும் இங்கே தீர்ந்துவிடும்.

மூன்றாம் பாடவேளை: மைதானத்தில்

நால்வர் கொண்ட குழு. ஒருவர் நேரம் பார்ப்பார்; ஒருவர் நம் அணியையும் மற்றொருவர் எதிரணியையும் கவனிப்பார்; நான்காமவர் எழுதுவார். ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளின் பெயர்ப் பட்டியலையும் தலைப்பெழுத்தோடும் சட்டை எண்ணோடும் வாங்கிவிட வேண்டும். பாதி ஆட்டம் எத்தனை நிமிடம் என்பதை நடுவரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும். ஐயமான இடத்தில் கேள்விக்குறி இட்டு, ஆட்டம் முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்யலாம். ஊகித்து எழுதக் கூடாது.

4, 5ஆம் வகுப்புகளுக்குப் பத்து நிமிட விளையாட்டு ஒன்றும் மூன்று வாக்கியங்களும் போதும்.

நான்காம் பாடவேளை: எழுதுதல்

முடிவு முதலில், திருப்பம் அடுத்து, மற்றவை பிறகு. எட்டு வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம்.

நாங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தைப் பற்றி ஒரு மாணவன், "நடுவர் ஏமாற்றிவிட்டார்" என்று எழுதி வந்தான். "நீ கண்ணால் பார்த்தது என்ன?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்து, "நாங்கள் அடித்த பந்தை நடுவர் ஆஃப்சைடு என்று அறிவித்தார், எங்கள் அணியினர் மறுத்தனர்" என்று மாற்றினான். உண்மைக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சித்தாளும் காட்டியதில்லை. அதுபோலவே, "கோல்கீப்பர் கோட்டை விட்டாள்" என்பது, "பந்து கோல்கீப்பரின் கையில் பட்டு உள்ளே சென்றது" என்றானது. அந்தக் கோல்கீப்பரும் நாளை இதைப் படிப்பாள் அல்லவா?

பிழை நேர்ந்தால் அழித்துவிடாமல், கீழே திருத்தம் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. எங்கள் மாணவர் வீடுகள் சிலவற்றில் தறி உண்டு. "பாவில் இழை அறுந்தால் அம்மா தறியை நிறுத்தி முடிபோட்ட பிறகுதான் நெய்வாங்க" என்று ஒரு சிறுமி சொன்னாள். விதியை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கோடு இணைத்தல்

நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் ஆறு ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. ஆறும் சமநிலையானால் மொத்தம் 12 புள்ளிகள். ஆறிலும் வெற்றி தோல்வி இருந்தால் 18. எல்லா அணிகளின் கோல் வித்தியாசத்தையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் எங்கோ பிழை. குறை எண்களின் கூட்டலுக்கு இது நல்ல பயிற்சி.

மதிப்பீடும் எச்சரிக்கையும்

அலங்காரச் சொற்களுக்கு மதிப்பெண் வேண்டாம். பெயர், எண், நேரம் சரியா? இரு அணியினரும் படித்து, "ஆம், இதுதான் நடந்தது" என்பார்களா? இவ்விரண்டே அளவுகோல். அறிக்கையைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கலாம், சுவரிதழில் ஒட்டலாம். பள்ளிக்கு வெளியே அனுப்புவதானால் பெற்றோர், தலைமையாசிரியர் ஒப்புதல் கட்டாயம், படங்களுக்கும் அப்படியே.

இந்த ஆண்டுப் போட்டியில் நாங்கள் 0–1 எனத் தோற்றோம். குறிப்பேட்டுடன் நின்றவள், சென்ற ஆண்டு தலை குனிந்து நின்ற அதே மாணவி. கால் சுளுக்கால் அன்று ஆடவில்லை. எதிரணியின் 7ஆம் எண் அடித்த கோல் அது. பட்டியலில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இல்லை. ஆட்டம் முடிந்ததும் நொண்டிக்கொண்டே மைதானத்தைக் கடந்து போய்க் கேட்டாள். "என் பெயரையா எழுதப் போறீங்க?" என்றாள் அந்தப் பெண். தலைப்பெழுத்தை இரண்டு முறை சொல்லி, எழுதியதை எட்டிப் பார்த்துச் சரி என்றாள்.

எங்கள் சுவரிதழில் அந்தப் பெயர் இருக்கிறது.