தமயந்திக்குப் பக்கத்தில் தொப்பிக்காரி

கேள்வி: கலஹாவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் என் தங்கை, நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஓவியங்களின் அச்சுப் படங்கள் நான்கைச் சுருட்டி அனுப்பியிருக்கிறாள். மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷின் ‘டேபிரேக்’, ஹாரிசன் ஃபிஷர் வரைந்த தொப்பி போட்ட பெண், பேனாக் கோட்டில் கிப்சன் வரைந்த பெண்கள் படம் இரண்டு. முன் அறையில் மாட்ட ஆசை. மாமியாரோ, “சாமிப் படத்துக்குப் பக்கத்திலயா இதெல்லாம்?” என்கிறார். போதாததற்கு, ஐப்பசி மழையில் சுவர் வேறு வியர்க்கிறது. என்ன செய்யலாம்?
*வாசகி, கலஹா*

பதில்: முதலில் சுவரைப் பார்ப்போம், மாமியாரிடம் பிறகு வருவோம்.

புதுச் சுவரின் பூச்சுக்குள் மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவருக்குப் படம் வேண்டாம். சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் எப்போதுமே ஆகாது. வீட்டின் நடுச்சுவர்தான் பத்திரம்.

பிரேம் போடுபவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வைக்க வேண்டும். கண்ணாடி காகிதத்தைத் தொட்டால், ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு, அந்த அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். மலிவான அட்டை நாளடைவில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். மூன்று, பிரேமின் பின்புறக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். செலோடேப், லெமினேட் இரண்டும் வேண்டவே வேண்டாம். சுருண்ட படங்களை வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டால் நிமிர்ந்துவிடும். இஸ்திரி போடாதீர்கள்.

இனி மாமியார். அவர் சொல்வதில் பாதி நியாயம். ‘டேபிரேக்’ படத்தில், படுத்திருக்கும் பெண்ணின் மேல் குனிந்து நிற்கும் சிறுமிக்கு உடை இல்லை. அதை உங்கள் படுக்கையறைக்குக் கொடுங்கள். அதன் தூண்களுக்குப் பின்னால் தெரியும் நீல மலைகளுக்குக் கலஹாவின் காலைநேரம் பொருத்தமாகத்தான் இருக்கும்.

மீதிப் பாதிக்கு அவரிடம் ஒரு கதை சொல்லுங்கள். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது முதலில் அச்சான படம் சாமிப் படம் அல்ல, சகுந்தலையின் பிறப்பு. லட்சுமியும் சரஸ்வதியும் வந்த அதே அச்சகத்திலிருந்துதான் காதல் நாயகிகளும் வீடுகளுக்கு வந்தார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வங்கள் சிவகாசிக் காலண்டர்களில் ஏறின. வருடம் முடிந்தும் தூக்கிப்போட மனமில்லாமல், தாள் கிழித்த காலண்டர் அட்டையை லயக் காம்பராச் சுவரில் ஆணியடித்து வைத்தவர்கள் நம்மவர்கள். பாரிஷும் காலண்டர்காரர்தான். 1918 முதல் 1934 வரை எடிசன் மஸ்டா பல்புகளின் விளம்பரக் காலண்டர்களுக்குப் படம் தந்தார். 1922இல் ‘டேபிரேக்’கை வரைந்ததே அச்சுப் பிரதிகளாக விற்பதற்காக. ஃபிஷரின் பெண்கள் ‘காஸ்மோபாலிட்டன்’ இதழின் அட்டையில் வந்தவர்கள். ஆக, சாமி அறைப் படமும் தங்கை அனுப்பிய படமும் சாதாரண வீட்டுச் சுவருக்கென்றே அச்சு யந்திரத்தில் பிறந்தவை.

அதனால் முன் அறையில் ஃபிஷரின் தொப்பிக்காரியைத் தனியாக விடாதீர்கள். அன்னத்தோடு நிற்கும் ரவிவர்மாவின் தமயந்தியை அதே அளவில் அச்செடுத்து, ஒரே மாதிரி மரப் பிரேமில் பக்கத்தில் மாட்டுங்கள். இருவரும் ஒரே காலத்துப் பெண்கள், ஒட்டிப் போவார்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருந்தால் பார்க்கும் கண்ணுக்குச் சரியாக வரும்.

கிப்சன் படங்கள் கறுப்பு வெள்ளை. மெல்லிய கறுப்புப் பிரேமில் இஸ்தோப்பிலிருந்து உள்ளே வரும் நடைபாதைக்கு எடுப்பாக இருக்கும். வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் உண்டு: கிப்சன் பிறந்தது 1867இல். உங்கள் ஊருக்குப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும் அதே வருடம்.

சாமிப் படங்கள் தங்கள் சுவரிலேயே இருக்கட்டும். விளக்குப் புகையும் சாம்பிராணியும் பழங்காகிதத்துக்குப் பகை. எனவே இரண்டுக்கும் இடைவெளி தேவைதான். அந்த வகையில் மாமியாருக்கே வெற்றி.

அவசரம் வேண்டாம். மழைநாளில் பிரேம் போட்டால் ஈரமும் கண்ணாடிக்குள் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்து, பொலித்தீன் தாள் உலர்ந்து வந்த பிறகு ஆணியை எடுங்கள்.